அப்பா சொல்லாததைச் சொன்னேன்

வியாழக்கிழமை, இரவு

எல்லோரும் நித்திரை. விளக்குப் போடாமல், ஜன்னல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இன்று நகரசபைக் கூட்டத்தில் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். வீதி திருத்தப் பணம் வேண்டுமாம். அதற்காக எங்கள் பாடசாலையின் பின்னேர உதவி வகுப்பை நிறுத்தப் போகிறார்களாம். தம்பி அங்கேதான் ஜெர்மன் வாசிக்கப் பழகுகிறான்.

அப்பா எழுந்து தமிழில் பேசினார். வைத்தியரிடம் போனாலும் அலுவலகத்துக்குப் போனாலும் அவருக்காக மொழிபெயர்ப்பது நான்தான்.

"இந்த நாடு எங்களுக்கு நிறையச் செய்திருக்கு. நீங்கள் என்ன முடிவெடுத்தாலும் எங்களுக்குச் சம்மதம். இதை ஜெர்மனிலை சொல்லு பிள்ளை," என்றார்.

நான் அதைச் சொல்லவில்லை. "வகுப்பை நிறுத்தினால் என் மகனுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்," என்று அப்பா சொன்னதுபோலவே ஜெர்மனில் சொன்னேன். மண்டபமே கைதட்டியது. அப்பா எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

வெளியே வந்ததும், "பாத்தியே, பணிவாக் கதைச்சா மதிப்பினம்," என்றார்.

பின்னால் வந்த பக்கத்து வீட்டு ராணி அக்கா, "ஓம் அண்ணை, நல்லாத்தான் கதைச்சனீங்கள்," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு ஜெர்மன் நன்றாகத் தெரியும்.

அக்கா என்றைக்காவது அப்பாவிடம் சொல்லிவிடுவார். அப்பா ஏசினால் தாங்குவேன். இனி என்னை நம்பி எங்கும் கூட்டிப் போகாவிட்டால்?

காலையில் அவர் வேலைக்குப் போகுமுன் நானே சொல்லிவிடுவேன். அழுதாலும் சொல்லி முடிப்பேன். ஆனால் மண்டபத்தில் சொன்னதைத் திரும்ப வாங்க மாட்டேன். அடுத்த கூட்டத்தில் அதையே சொல்வேன், அப்பாவின் பெயரில் அல்ல, என் பெயரில். அப்பாவும் வர வேண்டும். வருவாரோ?