என் பரிவட்டத்தோடு போன மந்திரி

1-8-2010, ஞாயிறு
எனக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை இன்று ஒரு வெள்ளைக்காரர் தலையில் கட்டிவிட்டார்கள். கட்டியவன் தர்மகர்த்தா நாகப்பன். என் தங்கை லீலாவின் புருஷன் வேறு!

ஒரகடத்தில் புதுக் கம்பெனிக்கு அடிக்கல் நாட்ட வந்த ஐரோப்பிய மந்திரியாம், ஓட்டோ ப்ரெமல். எங்கள் ஊர் ஆடித் திருவிழாவைப் பார்க்க ஆசைப்பட்டாராம். மூன்று தலைமுறையாக முதல் மரியாதை எங்கள் குடும்பத்துக்கு. வழக்கம்போல் தலையைக் குனிந்து நின்றேன். பட்டு என்னைத் தாண்டிப் போனது. குனிந்ததற்குக் காரணம் வேண்டுமே – செருப்பைத் தேடுவதுபோல் நடித்தேன். கோயிலுக்குள் ஏது செருப்பு?

2-8-2010
பட்டே போய்விட்டது! அம்மன் பெட்டியில் இருப்பது அது ஒன்றுதான். வருடா வருடம் கட்டி, அவிழ்த்து, மடித்து வைப்பது. மந்திரி அன்பளிப்பு என்று நினைத்துக் கட்டிய தலையோடு விமானம் ஏறிவிட்டார்.

"வந்த விருந்தாளி தலைல கை வெச்சு எப்பிடி மச்சான் அவுக்கறது?" என்கிறான் நாகப்பன்.

கட்டும்போது மட்டும் கை போனதே?

7-8-2011
இந்த வருடம் பட்டுக்குப் பதிலாக எனக்குப் புதுத் துண்டு கட்ட வந்தான் நாகப்பன். "துண்டு கட்டிக்க நான் இன்னா முடி வெட்டவா உக்காந்துகினு கீறேன்?" என்று எழுந்து வந்துவிட்டேன். கூழும் குடிக்கவில்லை. (பிறகு என் வீட்டுக்காரி தூக்குவாளியில் கொண்டு வந்தாள். அது வேறு.)

14-11-2011
ப்ரெமல் ராஜினாமா! மகள் கலைமதி கம்ப்யூட்டரில் படித்துச் சொன்னாள். வாத்தியாராக இருந்து, மேயராகி, மந்திரியான மனிதர். கம்பெனிக்காரர்கள் செலவில் குளியலறை கட்டிக்கொண்டாராம். கணக்கில் காட்டாமல் வாங்கியவை என்று ஒரு பட்டியல் – கைக்கடிகாரம், கம்பளம், கடைசியில், "இந்தியப் பட்டுத்துணி, கொடுத்தவர் நாகப்பன்."

எங்கள் அம்மன் பட்டு லஞ்சமா!

நாகப்பன் போனில் கெஞ்சுகிறான். "வெளிநாட்டுப் போலீஸ் வந்தா, வல்லக்கோட்டைக்குப் போய்கீறேன்னு சொல்லிடு மச்சான்."

"அங்க முருகர் கைல வேல் கீது. பாத்துப் போ."

20-11-2011
அகராதியை வைத்துக்கொண்டு அந்த அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் ஏழு பக்கம் எழுதினேன். சுருக்கம்: பட்டைத் திருப்பிக் கொடு.

9-2-2012
பதில் வந்தது. ஏழு பக்கத்துக்கு ஏழு வரி. பட்டு அவர்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறதாம். அது லஞ்சமில்லை, மரியாதைக்குக் கட்டியது என்று நாகப்பன் கையெழுத்திட வேண்டும். அவன் நேர்மையானவன் என்று, அவனை நன்கு அறிந்த ஒருவர் உறுதிமொழி தர வேண்டும். இரண்டும் வந்தால் அனுப்பிவிடுவார்களாம்.

நன்கு அறிந்த ஒருவர்! நாற்பது வருடமாக அறிந்து தொலைத்திருக்கிறேனே, அதனால்தான் சொல்கிறேன் – வேறு யாராவது தரட்டும்.

லீலா விடவில்லை. "ஆடிக்கு உன் தலைல பட்டு ஏறணுமா, வேணாமாண்ணே?"

10-2-2012
ஆக வேண்டியவை.

கலைமதி: தட்டச்சு. என் ஆங்கிலத்தைத் திருத்தக் கூடாது.

லீலா: புருஷனைக் கையோடு கூட்டி வர வேண்டும். வழியில் நழுவப் பார்ப்பான்.

நாகப்பன்: கையெழுத்து. கிறுக்கிக் கெடுப்பான், உபரித் தாள் இரண்டு வைக்கவும்.

நான்: "நாகப்பன் நேர்மையானவர்" என்று எழுத வேண்டும். மற்றதெல்லாம் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன்.