மருமகனுக்கு ஒரு சிறுநீரகம்

பங்குனி 3, திங்கள்

எட்டு மணிக்கே சுள்ளென்று வெயில். காலை மாத்திரைகள் போட்டாயிற்று. என் இரத்தப் பரிசோதனை முடிவு: கிரியேற்றினின் 1.2, ஏறவில்லை. அப்பாடா. அக்கா தந்த சிறுநீரகம் ஆறாவது வருடமும் ஒழுங்காக ஓடுகிறது. அக்காவுக்கு போன். "சரி, சந்தோசம். வை, அடுப்பிலை கறி" என்றாள். அவ்வளவுதான்.

தபால் கந்தோரில் அரை நாள் லீவு. மானிப்பாயிலிருந்து பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்கு. சிறுநீரக நோயாளருக்கு உதவும் எங்கள் சின்னக் குழுவில் திங்கட்கிழமை என் முறை.

டயலிசிஸ் பகுதியில் சுதாகரன். இணுவில், ஓட்டோ ஓட்டியவன், வயது 36. இரண்டு வருடமாக வாரம் மூன்று தரம் மெசினில். மனைவி றெஜினாவின் இரத்த வகை பொருந்தவில்லை. அவன் தமையனுக்கு நீரிழிவு. வேறு ஆளில்லை என்றே நினைத்திருந்தோம்.

இன்று றெஜினா என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அண்ணை, ஒராள் தாறன் எண்டு சொல்லுறா. இவருக்கு இன்னும் தெரியாது."

"ஆர்?"

"என்ரை அம்மா." பிறகு மெல்ல, "அம்மா இவரோடை கதைச்சு ஒன்பது வருசம்."

பங்குனி 5, புதன்

குருநகர் மீன் சந்தை. றெஜினாவின் தாய் பிலோமினா, வயது 55, கத்தோலிக்கர். மகள், வீட்டில் சொல்லாமல் சைவப் பெடியனோடு போய்க் கலியாணப் பதிவெழுதிய நாளிலிருந்து மருமகன் முகத்தில் முழிப்பதில்லை. மகள் மட்டும் வந்து போகலாம்.

நான் உள்ளதைச் சொன்னேன். வயிற்றில் வெட்டு, நோவு, கொஞ்சக் காலம் பாரம் தூக்க முடியாது, மீன் கூடை தொடவே கூடாது. கேட்டபடியே பாரை மீனைத் துண்டுபோட்டார்.

"தம்பி, ஒண்டோடை உயிர் வாழலாமோ, ஏலாதோ? அதை மட்டும் சொல்லும்."

"வாழலாம் அக்கா. எனக்குத் தந்த என்ரை அக்கா இப்பவும் வெங்காயத் தோட்டம் செய்யிறா."

"பிறகென்ன."

போட்டிருந்த சேட் முழுக்க மீன் செதில். பஸ்ஸில் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. வசதி.

பங்குனி 8, சனி

இணுவிலில் வாசிகசாலை மண்டபத்தில் உறுப்பு தானம் பற்றிக் கூட்டம். பேசியது நான். ஒலிவாங்கி கரகர. இருபது பேர் வரை. முன்வரிசைப் பெரியவர் எழும்பி, "செத்த பிறகு கண்ணைக் குடுத்தா அடுத்த பிறப்பிலை குருடாப் பிறக்கிறதோ?" ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் உள்ள கேள்வி.

"ஐயா, எரிக்கிற உடம்பிலை கண் மிஞ்சுதோ? அப்பிடிப் பாத்தா நாங்கள் எல்லாரும் குருடாத்தான் பிறந்திருக்க வேணும்."

அப்போது சிரித்தார்கள். ஒருவர் தானப் படிவம் எடுக்க, மனைவி பறித்தாள். "என்னைக் கேக்காமல் எழுதுவியளோ?" தேத்தண்ணி முடிந்ததும் அவளே இரண்டு படிவம் கேட்டு வந்தாள். மொத்தம் ஏழு பேர் எழுதினார்கள். போதும்.

கடைசி வரிசை வாங்கில் சுதாகரன். முகம் வீங்கி. றெஜினா சொல்லிவிட்டாள் போல.

"அண்ணை, என்ன முகத்தோடை அவவிட்டை வாங்கிறது? என்ரை பேரைக்கூடச் சொல்லமாட்டா."

பரிசோதனைக்குப் போ என்று மட்டும் சொன்னேன்.

சித்திரை 24, வியாழன்

அனல். பரிசோதனை எல்லாம் பொருந்திவிட்டது! ஆனால் இரத்த உறவில்லாதவர் கொடுப்பதென்றால், காசுக்கோ வற்புறுத்தலுக்கோ அல்ல என்று ஒரு குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும். இன்று பிலோமினா அக்காவை விசாரித்தார்கள். வெளியே வந்து சேலைத் தலைப்பால் முகம் துடைத்தார்.

"மருமகனைப் பிடிக்குமோ எண்டு கேட்டவை. இல்லை எண்டன்."

"ஏன் அக்கா அப்பிடிச் சொன்னனியள்?"

"பொய் சொல்லச் சொல்லுறீரோ? அப்ப ஏன் குடுக்கிறியள் எண்டு கேட்டவை. நான் முப்பத்தொரு வயசிலை புருசனில்லாமல் தனிச்ச ஆள், என்ரை பிள்ளை அப்பிடி நிக்கக்கூடாது எண்டன்."

சுதாகரன் நன்றி சொல்லச் சொன்னதாக றெஜினா இழுத்தாள். "ஏன், உவருக்கு வாயில்லையோ?" என்றுவிட்டு விறுவிறுவென்று போனார்.

குழு இன்னும் முடிவு சொல்லவில்லை. உண்மையைச் சொன்னதாலேயே மறுத்துவிடுவார்களோ?

சித்திரை 28, திங்கள்

அனுமதி கிடைத்தது. கந்தோரில் முத்திரை வாங்க வந்தவருக்கு மிச்சக் காசு கொடுக்க மறந்தேன்.

வைகாசி 20, செவ்வாய்

சத்திரசிகிச்சை. காலையிலிருந்து வாசலில். றெஜினாவின் கையில் செபமாலை, கைப்பைக்குள் இணுவில் கந்தசாமி கோயில் திருநீறு. உள்ளே தாய் ஒரு அறையில், புருசன் மற்ற அறையில். எந்தக் கதவைப் பார்ப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பணிஸ் வாங்கிக் கொடுத்தேன், தொடவில்லை. நானே தின்றேன்.

இரண்டரைக்கு டொக்டர். "ரெண்டு பேரும் சுகம். பொருத்தின உடனையே சிறுநீர் வந்திட்டுது."

றெஜினா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். நான் முகக்கவசத்துக்குள் அழுதேன். மூத்திரம் வந்ததற்கு மனிதர் இப்படி அழுவதை வேறெங்கும் காணமுடியாது.

வைகாசி 21, புதன்

மழைத் தூறல். சுதாகரனுக்குக் கிரியேற்றினின் 9 இலிருந்து 5. பிலோமினா அக்கா கஞ்சி குடித்தாராம், உப்பில்லை என்று ஏசினாராம். நல்ல சகுனம்.

வாங்க: முகக்கவசம், கைகழுவும் திரவம், றெஜினாவுக்குச் சாப்பாடு.

வைகாசி 26, திங்கள்

கிரியேற்றினின் 1.4!

பிலோமினா அக்காவை இன்று வீட்டுக்கு விடுகிறார்கள். போகமுதல், "அந்த அறையைக் காட்டும்" என்றார். வயிற்றில் கை வைத்தபடி மெல்ல நடந்தார். தொற்று வரக்கூடாதென்று சுதாகரன் தனி அறையில். நேர்ஸ் மிஸ் எங்களுக்கு முகக்கவசம் தந்து கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். உள்ளே போக விடவில்லை.

சுதாகரன் கட்டிலிலிருந்து எழும்பப் பார்த்தான். கையெடுத்துக் கும்பிட்டான். பிலோமினா அக்கா மேசையைப் பார்த்தார்.

"உந்தத் தண்ணிப் போத்தல் ஏன் நிறைஞ்சு கிடக்கு?"

அவன் விழித்தான்.

"மூண்டு லீற்றர் குடிக்கச் சொன்னவையெல்லோ?"

"ஓம் மாமி. மெசினிலை இருந்த ரெண்டு வருசம் தண்ணி அளந்துதான் குடிச்சனான்... பயமாக் கிடக்கு."

"ஒரு பயமுமில்லை, குடி. நான் நிண்டு பாக்கிறன்."

குடித்தான். பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தான். அக்கா நகரவில்லை. மிச்சத்தையும் குடித்தான்.