பட்டை கறுத்ததா?

பிப்ரவரி 3, செவ்வாய்

மருத்துவமனையின் நீராவி இயந்திரம் இன்று ஆறு முறை ஓடிற்று. அறுவைக் கத்தி, கத்தரி, கவ்வி எல்லாவற்றையும் கழுவித் துணியில் பொதிந்து, மேலே பட்டை ஒட்டி உள்ளே வைப்பது என் பணி. ஆவி முழுதும் பட்டால் பட்டையின் வெளிர்கோடுகள் கறுக்கும். கறுத்தால்தான் தூய்மை.

இருபது வயதில், நெஞ்சுச்சளி என்று மடத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவள் நான். அழைத்தல் தவறிற்று என்று ஓராண்டு அழுதேன். பிறகு இந்த அறை வாய்த்தது. இதுவே என் மடம் எனத் தெளிந்து முப்பத்தைந்து ஆண்டுகள். பன்னிரண்டு மணிக்கு எதிர்க்கோயில் மணி ஒலித்தால், கை எதிலிருந்தாலும் நிறுத்திக் கண்மூடி மூவேளை செபம் சொல்வேன்.

கருவித் தட்டுகளை மேலே அறுவை அறைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டிக்காரர் இன்றும் கேலியை விடவில்லை. "மடத்தக்கா, மோட்சத்துக்கு எனக்கும் ஒரு டிக்கெட் போட்டு வைங்க. ஜன்னல் சீட்டு."

பிப்ரவரி 5, வியாழன்

காலைத் திருப்பலியில் குருவானவர் கிண்ணத்தை உயர்த்தினார். அதன் பளபளப்பில் நேற்றைய சிறு தட்டு நினைவில் எழுந்தது. இயந்திரத்தில் வைக்க எடுத்தேன். மணி அடித்தது. மேசைமேல் வைத்துக் கண்மூடினேன். கண்திறந்து — இயந்திரத்தில் வைக்காமலே தூய அலமாரியில் வைத்தேனோ? பட்டை கறுத்திருந்ததா? பார்த்தேனா?

நற்கருணை வாங்காமல் ஓடினேன். அலமாரி காலி.

"அதுவா? ஆறரைக்கே மேல போயிடுச்சே. ஒரு தச்சருக்குக் குடலிறக்க ஆபரேஷன்," என்றார் வண்டிக்காரர். "ஏன்க்கா இப்படி வேர்க்குது?"

மேலே தையல் போட்டு முடித்திருந்தார்கள். பட்டை குப்பையோடு எரியப் போய்விட்டது. பொதியைப் பிரித்த செவிலி அதைப் பார்த்திருப்பார். பார்த்திருப்பாரா? மடத்தக்கா பொதிந்ததென்றால் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம் என்று அவர்களே பெருமை பேசுவார்களே.

பிப்ரவரி 6, வெள்ளி

என்னவரிடம் மட்டும் சொன்னேன். "வச்சிருப்ப, மறந்திருப்ப. ரிட்டையராக பதினோரு மாசம். வாயைக் குடுத்து மாட்டிக்காத."

வாய் திறக்கவில்லை. நெஞ்சே, இதற்குப் பெயர் பொறுமையா, கோழைத்தனமா?

பிப்ரவரி 7, சனி

தச்சருக்குக் காய்ச்சல்.

பிப்ரவரி 8, ஞாயிறு

வார்டு வாசலில் நின்றேன். மனைவி அவர் நெற்றியில் ஈரத்துணி மாற்றிக்கொண்டிருந்தாள். செபமாலை எடுத்தால் முதல் மணியிலேயே நா ஒட்டிக்கொள்கிறது. பயமா இருக்கு ஆண்டவரே. அவருக்கு ஏதாவது ஆயிட்டா? உம்மோட பேசிக்கிட்டு இருந்தப்பதானே இது நடந்துச்சு — நீராவது சொல்லியிருக்கக் கூடாதா?

படியேறித் தலைமைச் செவிலியிடம் சொல்லிவிட்டேன். அவர் முதலில் மருத்துவரை அழைத்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"மூணு நாளா வச்சுக்கிட்டு இருந்தீங்களாக்கா? உங்களை நாங்க நம்பினது செபம் பண்றவங்கன்னு இல்ல. ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாக்குறவங்கன்னு."

பிப்ரவரி 10, செவ்வாய்

இயந்திரத்திலிருந்து விலக்கினார்கள். துணி மடிக்கிறேன். மருந்தை மாற்றியும் காய்ச்சல் இறங்கவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்

இறங்கியது. அந்தத் தட்டால் வந்ததா, வேறெதனாலா — சொல்ல முடியாது என்கிறார் மருத்துவர். எனக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

தச்சர் வீடு திரும்பும் நாள். என் வாயாலேயே அவரிடம் சொன்னேன். அவர் மருந்துச் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். பின், "நானும் ஒரு தடவை ஆணி அடிக்க மறந்து நாற்காலி குடுத்திருக்கேம்மா. உக்காந்தது என் மாமனாரு," என்றார்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவுமில்லை. அதுவும் நியாயமே.

மார்ச் 2, திங்கள்

மீண்டும் இயந்திரப் பணிக்கு விட்டார்கள். பொதியும்போது விரல் நடுங்குகிறது. நடுக்கத்தை நீக்கும்படி நான் வேண்டவில்லை.

இயந்திரத்திலிருந்து தட்டை எடுக்கையில் பன்னிரண்டு அடித்தது.

"மடத்தக்கா, மணி அடிக்குது," என்றார் வண்டிக்காரர், கையை நீட்டியபடி.

"கேக்குது. கொஞ்சம் இருங்க."

கண்ணை மூடவில்லை. பட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தேன். கடைசிக் கோடும் கறுத்திருந்தது. மணி ஓயும்வரை இன்னொரு முறை பார்த்தேன். பிறகு கொடுத்தேன்.