கையை நீட்டிப் பார்த்தாயா

ஸ்டாஃப் ரூம் அலமாரியைப் போன வாரம் ஒழிக்கச் சொன்னார்கள். கீழ்த்தட்டில், பழைய விடைத்தாள் கட்டுகளுக்குப் பின்னால், உன் ஜாம் பாட்டில் இருந்தது. மழை அளக்க உடைந்த பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை அதன் பக்கவாட்டில் டேப் போட்டு ஒட்டியிருப்பாயே, அதேதான். டேப் மஞ்சளாகிவிட்டது. மூடியைத் திறந்தால் காய்ந்த பாசி வாடை. எத்தனை மழைக்காலம் பள்ளிக்கூடத்து மொட்டை மாடிச் சுவரில் நின்ற பாட்டில். அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நான் அழவில்லை. கோபம்தான் வந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இன்னும் உன்மேல் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பாட்டிலுக்கு அடியில் உன் நோட்டு. முதல் பக்கத்தில் மூன்று பெயர், மூன்று ஃபோன் நம்பர். குன்றத்தூர், பூக்கடைக்காரர். பம்மல், ஏழுமலை. கோவிலம்பாக்கம், ஜெயந்தி. கடைசியில் இருக்கும் என் பெயருக்குக் கீழே மட்டும் பேனாவால் ஒரு கோடு இழுத்திருக்கிறாய். எதற்கு இழுத்தாய் என்று கேட்க ஆள் இல்லை.

நாம் இருவரும் ஒரே ஜூனில் அந்தப் பள்ளியில் சேர்ந்தோம். நீ பிசிக்ஸ், நான் கணக்கு. உன் வீட்டுக்கு டயல்-அப் இணைப்பு வந்த வருஷத்திலிருந்து உனக்கு மழை ரேடார் பைத்தியம் பிடித்தது. விடிவதற்குள் எழுந்து, அந்தக் கீச்சுச் சத்தத்தோடு இணைப்புப் போட்டு, மேலிருந்து கீழாக வரிவரியாக இறங்கும் படத்துக்காகக் காத்திருப்பாய். மழை வலுக்க வலுக்க நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு. கடலிலிருந்து மழை வருவதைப் பார்த்துவிட்டு வந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதை கதையாகச் சொல்வாய். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது என்று உன்னிடம் சொல்லியுமிருக்கிறேன்.

விஷயம் ஹெட்மாஸ்டர் காதுக்குப் போனது. கலெக்டர் விடுமுறை அறிவித்து அது டிவியில் ஓடுவதற்குள் நம் வேன்கள் பாதி தூரம் போயிருக்கும். நனைந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பி வரும். அதனால் அவர் ஒரு வழக்கம் கண்டுபிடித்தார். மழைக்காலத்தில் காலை ஆறு மணிக்கு உனக்கு ஃபோன் போடுவார். வேன் போகலாமா, வேண்டாமா? நீ சொல்வதுதான். சம்பளத்தில் ஒரு பைசா கூடுதல் கிடையாது. பொறுப்பு மட்டும் முழுசாக உன் தலையில். "மாட்டேன்னு சொல்லு" என்று நான் சொன்னேன். நீ சிரித்தாய். சும்மா படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிற ஆளாகவும் நீ இல்லை.

"ஜெயந்தி, ரேடார் தரைய பார்க்கறதில்ல. அது உயரத்துல பார்க்குது. மேல தொங்கற துளி கீழ வர்றதுக்குள்ள காத்து தள்ளிட்டுப் போயிடலாம். காஞ்சும் போயிடலாம். நாம பார்க்கற படமே பத்து இருபது நிமிஷம் பழசு. அதனால தரையில நிக்கிற ஆள்கிட்ட கேக்கணும்."

அப்படிச் சேர்த்த ஆட்கள்தான் நாங்கள் மூன்று பேர். விடியும் முன்பே மாலை கட்ட உட்காரும் குன்றத்தூர் கோயில் அடிவாரத்துப் பூக்கடைக்காரர். பம்மலில் குடியிருக்கும் நம் வேன் டிரைவர் ஏழுமலை. கோவிலம்பாக்கத்தில் முதல் மாடி வீட்டில் இருக்கும் நான். இணைப்பைத் துண்டித்தால்தான் உன் ஃபோன் வேலை செய்யும். படத்தைப் பார்த்து முடித்து, துண்டித்துவிட்டு, ஐந்தே முக்காலுக்கு வரிசையாகக் கூப்பிடுவாய். மூன்று பேரிடமும் ஒரே வாக்கியம். "வெளியில போய் கைய நீட்டிப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க." நான் உன் தோழி என்பதால் எனக்கு மட்டும் "சொல்லுடி."

இரண்டு மழைக்காலம் நான் ஒழுங்காக எழுந்து, கதவைத் திறந்து, கையை நீட்டினேன். மூன்றாவதில் என் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்தது.

அந்த நவம்பர் காலையை நான் உனக்குச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள். ஃபோன் மணி அடித்தபோது நான் கம்ப்யூட்டர் முன்னால் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ கேட்டாய். பால்கனிக் கதவு ஆறடி தூரம்தான். குளிர். எழவில்லை. நீ பார்க்கும் அதே படத்தை நானும் திறந்தேன். எங்கள் பக்கம் லேசான பச்சை, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஃபேன் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்கவும் இல்லை.

"இங்க ஒண்ணும் இல்ல, லேசான தூறல்" என்றேன்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்" என்றேன்.

பொய் இல்லை பார். பார்க்கத்தான் செய்தேன். நீ தரையைக் கேட்டாய், நான் உன் படத்தையே உனக்குத் திருப்பி வாசித்தேன்.

வெளியே இரவெல்லாம் பெய்திருந்தது. பொடித் துளி, ஆனால் அடர்த்தி. அப்படிப்பட்ட மழை படத்தில் ஏமாற்றும் என்று நீ எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாய். பெரிய துளி என்றால் ரேடார் அலையைப் பளிச்சென்று திருப்பி அடிக்கும். பொடித் துளி ஆயிரம் சேர்ந்தாலும் அந்த அளவுக்கு அடிக்காது. ரேடார் லேசாகத்தான் காட்டும். கான்கிரீட் கூரைமேல் விழுந்தால் சத்தமும் வராது. போதாததற்கு ஏரித் தண்ணீர் வேறு நிரம்பி வழிந்து தெருவுக்குள் வந்திருந்தது. ஓடி வரும் தண்ணீரை எந்த ரேடாரும் காட்டாது. கதவைத் திறந்து குனிந்து பார்த்திருந்தால் என் வீட்டு வாசற்படி முழுகியிருப்பது தெரிந்திருக்கும்.

குன்றத்தூரில் மேகம்தான், மழை இல்லை. ஏழுமலை சொன்னார், "தூறிக்கினு கீது மிஸ், ரோடு நல்லாத்தான் கீது." நான் சொன்னது உனக்குத் தெரியும். ஆறு மணிக்கு ஹெட்மாஸ்டரிடம் வேன் போகலாம் என்றாய்.

மேடவாக்கம் சாலையிலிருந்து எங்கள் தெருப் பக்கம் உள்ளே திரும்பிய இடத்தில் வேன் நின்றுவிட்டது. உள்ளே பதினோரு பிள்ளைகள், எல்லாம் குட்டிகள். ஏழுமலை ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கி மேட்டில் இருந்த ஒரு வீட்டு வாசலில் விட்டார். எட்டாவது பிள்ளையோடு வரும்போது மூடியில்லாத கால்வாயில் கால் போய்விட்டது. பிள்ளையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, வேனில் மிச்சமிருந்த மூன்று பேரையும் தெருக்காரர்கள் இறக்கிவிட்டார்கள். அவர் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அதன்பிறகு அவர் வேன் ஓட்டவில்லை.

மூன்றாம் நாள் விசாரணை நடந்தது. ஹெட்மாஸ்டர், கமிட்டிக்காரர்கள், பெற்றோர்கள். தன் தலையில் ஒரு துளி விழாமல் பார்த்துக்கொள்வதில் ஹெட்மாஸ்டரைப் போல் கெட்டிக்காரரை நான் கண்டதில்லை. "மிஸ்தான் சார் டெக்னிக்கலா பார்த்துச் சொல்வாங்க, நாங்க நம்பினோம்" என்றார். ஒரு கமிட்டிக்காரர் உன்னைக் கேட்டார், "பொய் சொன்னது ரேடாரா, நீங்களா?"

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையின் அப்பா எழுந்தார். என் தெருக்காரர். "எங்க தெருவுல நாலு மணிக்கே முழங்கால் தண்ணி சார்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். ஒரே ஒரு தடவை. முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கு வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும், தெருவில் தலைகாட்ட முடியாது, இதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. நீ முன்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"ரேடார் பொய் சொல்லல சார். தரையில விசாரிக்க வேண்டியது என் வேலை. நான்தான் சரியா விசாரிக்கல."

ஏன் அப்படிச் சொன்னாய்? உன்னை யார் கேட்டது? என் பெயரை ஒரு தடவை சொல்லியிருந்தால் நான் எழுந்து ஒத்துக்கொண்டிருப்பேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய்யாக இருக்கலாம். அந்தச் சந்தர்ப்பத்தைக்கூட நீ எனக்குத் தரவில்லை. பெரிய மனசு என்று ஊரே சொல்லும். எனக்கு அது தண்டனையாகத்தான் இருந்தது.

பத்தாம் வகுப்பை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். லைப்ரரியில் உட்காரவைத்தார்கள். மழை பெய்தால் ஸ்டாஃப் ரூமில் யாராவது, "என்ன மிஸ், படத்துல வெயிலா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய். நான் நோட்டுத் திருத்துவேன். நாம் ஒன்றாகவே சாப்பிட்டோம், ஒரே பஸ்ஸில் தாம்பரம் வரை வந்தோம், அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒரு மத்தியானம், ஜன்னலில்லாத வார்டில் கண்ணை மூடியபடியே, "வெளியில மழையாடி?" என்று கேட்டாய். நான் எழுந்து இரண்டு மாடி இறங்கி, போர்டிகோ தாண்டி நின்று, திரும்பி வந்து உன் கையில் என் ஈரக் கையை வைத்தேன். நீ கண்ணைத் திறக்காமலே சொன்னாய், "இப்பவாவது போனியே."

அவ்வளவுதான். அதற்குமேல் பேச உனக்குத் தெம்பில்லை, எனக்குத் துணிச்சலில்லை.

பாட்டில் கிடைத்த அன்று ஹெட்மாஸ்டர் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். மழைக்காலம் தொடங்கிவிட்டது, இனி வேன் விஷயத்தை நான் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். "அந்த மிஸ் மாதிரி மெஷினை நம்பி ஏமாந்துடாதீங்க" என்றார், எல்லார் முன்னாலும். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. நான் எழுந்து சொன்னேன். ஃபோன் வந்ததை, எழாததை, படத்தைப் பார்த்துச் சொன்னதை, விசாரணையில் வாயை மூடிக்கொண்டதை. ஒன்று விடாமல்.

ஹெட்மாஸ்டர் கடைசிவரை கேட்டார். பிறகு அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "போனவங்க பேரைக் காப்பாத்த நீங்க பழிய ஏத்துக்கறீங்க. உங்க நல்ல மனசு புரியுது மிஸ்." இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீ சொன்ன பொய்யை நம்பி உன்னை மூலையில் உட்காரவைத்தார்கள். நான் உண்மையைச் சொன்னால் நல்லவள் என்கிறார்கள். அந்த மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது.

சனிக்கிழமை பம்மலுக்குப் போனேன். ஏழுமலை இப்போது வீட்டு வாசலிலேயே பங்க்சர் ஒட்டுகிறார். அவரிடமும் சொன்னேன். அவர் நம்பினார். கையிலிருந்த டியூபைக் கீழே வைத்தார்.

"அந்த மிஸ் மாசா மாசம் இங்க வந்துகினு இருந்தாங்க. ஒவ்வொரு வாட்டியும், மன்னிச்சுக்கோங்க ஏழுமலைன்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. அப்ப அதெல்லாம் உங்களுக்கோசரமா மிஸ்?"

நீ அங்கே போய் வந்ததே எனக்குத் தெரியாது. அவர் மறுபடி டியூபைக் கையில் எடுத்தார். கிளம்பும்போது மட்டும், "காலைல ஃபோன் போடுங்க. நான் பார்த்துச் சொல்றேன். நீங்களும் பாருங்க" என்றார்.

உன் நோட்டில் இருக்கும் அந்த மூன்று பெயரையும் நான் மாற்றவில்லை. பாட்டிலைக் கழுவி என் மாடிச் சுவரில் வைத்திருக்கிறேன். இன்று காலை படத்தில் எங்கள் பக்கம் பச்சைகூட இல்லை, சுத்தமாக இருந்தது. கம்ப்யூட்டரை அணைத்தேன். குன்றத்தூருக்கும் பம்மலுக்கும் பேசினேன். மூன்றாவது நம்பர் என்னுடையது. செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு வரைக்கும் இறங்கிப் போய்க் கையை நீட்டினேன்.

நனைந்தது. அந்தக் கையைத் துடைக்காமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உன்மேல் கோபம் அப்படியேதான் இருக்கிறது.