வலது தோள்

சனிக்கிழமை, இரவு

பதினோரு மாதப் பயிற்சி முடித்து, இன்று என் மகள் புவனா ராணுவ அதிகாரி ஆகிவிட்டாள். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோரை மைதானத்துக்குள் கூப்பிட்டார்கள். பிள்ளையின் ஒரு தோளில் அம்மாவும் மறு தோளில் அப்பாவும் நட்சத்திரம் குத்துவது அங்கே வழக்கம்.

இடது தோளில் குத்தினேன். குத்தி முடித்ததும் ஓர் அடி நகர்ந்து நின்றுவிட்டேன். ஒரகடம் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக அசெம்பிளி லைனில் நிற்கிற பழக்கம். என் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டால் என் வேலை முடிந்தது. மிச்சம் பக்கத்தில் நிற்பவருக்கு.

பக்கத்தில் யாரும் இல்லை.

"அப்பாதான் வரலியே. இதையும் நீயே குத்தும்மா," என்றாள் புவனா. அவள் முகத்தைப் பார்க்காமல் குத்தினேன்.

"பொட்டப்புள்ளைக்கு இன்னாத்துக்கு பட்டாளம்?" என்று ஆரம்பத்திலேயே கேட்டவர்தான் என் வீட்டுக்காரர். லீவு போடாமல் இன்றைக்கும் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். ராத்திரி சோற்றில் கை வைத்தபடி, "புள்ள எளச்சிக்கீதா?" என்று மட்டும் கேட்டார்.

"வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றேன். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார்.

பதவி உயரும்போது மறுபடியும் குத்துவார்களாம். அன்றைக்கும் நான் இடது தோளில் குத்திவிட்டு நகர்ந்து நிற்பேன். எத்தனை பேர் பார்த்தாலும் சரி. வலது தோளுக்கு இவர்தான் வர வேண்டும். வரும்வரை அந்தத் தோள் புது நட்சத்திரம் இல்லாமலே இருக்கட்டும். நான் கை வைக்க மாட்டேன்.