கேரவன் ஏணியைக் கழற்றினேன்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது.

நான் நலம். உன் அப்பா முக்கால் நலம், மீதிக் கால் மாவுக்கட்டுக்குள் இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, ஒருவரையொருவர் கடிக்காமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன மாதம் அனுப்பிய படத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாய், போய்ப் பவரைப் பார்த்துக்கொள், முப்பது வருடம் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவளின் மகள் பழைய பவரோடு திரிந்தால் என் மானம் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவழியாகக் காலி செய்துவிட்டார்கள், அந்த நாயின் சத்தம் இல்லாமல் எனக்குத்தான் இப்போது தூக்கம் வரவில்லை.

அப்பா விழுந்ததைப் போனில் சொன்னேன், எப்படி விழுந்தார் என்பதைச் சொல்லவில்லை. ஊர் சுற்ற வாங்கிய நம் வீட்டுவண்டி, அந்தக் கேரவனின் கூரையில் இருக்கும் சோலார் தகட்டைத் துடைக்க, வண்டிக்குப் பின்னால் இருக்கும் ஏணியில் ஏறினார். மேல்படியில் கால் வைத்ததும் ஏணியின் மேல் பிடி வண்டிச் சுவரிலிருந்து பிய்ந்து வந்தது, ஏணி வளைந்து தொங்கியது, அவர் சிமெண்டுத் தரையில் குதிகால் பட விழுந்தார். அந்த வண்டியை நமக்கு விற்றது யார் என்று உனக்குத் தெரியும். உன் பெரியப்பாதான். எதைக் கேட்டாலும் கச்சிதமா இருக்கு, கச்சிதமா இருக்கு என்று சொல்லிச் சொல்லியே நம் வீட்டில் கச்சிதம் என்று பேர் வாங்கியவர். ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலைச் சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் முன்னால், ஊசி போட வந்த நர்ஸின் முன்னால், "ஏறத் தெரியாம ஏறினா ஏணி என்னம்மா பண்ணும்? எடையக் குறைடான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார். உன் அப்பா அந்த வலியிலும் அண்ணன் சொன்னதற்குத் தலையாட்டினார்.

அப்பா வீட்டுக்கு வந்த மறுநாள் நான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஏணியைக் கழற்ற ஆரம்பித்தேன். மூக்குக் கண்ணாடியில் பொடி ஸ்க்ரூ முடுக்கிய கைக்கு இது பெரிய வேலையா. கீழ்ப் பிடியின் நான்கு ஸ்க்ரூக்களும் ஒரே அச்சில், துருப் பிடித்து, அசையாமல் இருந்தன. பிய்ந்து வந்த மேல் பிடியில் இருந்தவை வேறு தலை, வேறு நீளம், புத்தம் புதுசு. அப்போதே எனக்குப் பொறி தட்டியது. மேல் ஓட்டைகளைச் சுற்றித் தண்ணீர் இறங்காமல் பூசியிருந்த சிலிக்கான் பசையைத் தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடாக்கிச் சுரண்டினால், மேலே வெள்ளைப் பசை, அதற்கு அடியில் பழுத்துப்போன பழைய பசை. ஓட்டைக்குள் இடுக்கியை விட்டு இழுத்தேன். தீக்குச்சி வந்தது. ஒன்றல்ல, ஐந்து. இரண்டில் மருந்துத் தலை அப்படியே இருந்தது. சுவருக்குள் இருந்த மரச்சட்டம் தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி விரலோடு வந்தது. பல வருடமாக அந்த வழியாக மழை இறங்கியிருக்கிறது. ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றியிருக்கிறது, தீக்குச்சியைத் திணித்து முடுக்கி, மேலே பசையைப் பூசி, கூடப் பிறந்த தம்பியின் தலையில் கட்டிவிட்டார்.

அன்றே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்தால் என்ன ஆகும்? "எனக்கு ஒன்றும் தெரியாது, மெக்கானிக் செய்திருப்பான்" என்பார், உன் அப்பாவும் நம்புவார். அதனால் மூன்று வாரம் காத்திருந்தேன். உளுத்த மரத்தை வெட்டி எடுத்துப் புது மரம் வைத்து, மேலே தகடு அடித்து அடைக்கச் செய்தேன். இனிமேல் அந்த வண்டிக்குப் பின்னால் ஏணி கிடையாது. நேராக இருந்த கீழ்ப்பாதியை வெல்டர் அறுத்து, அப்பா கதவில் ஏறி இறங்க இரண்டு படியும் ஒரு கைப்பிடியும் செய்து கொடுத்தார். மேல் பிடியையும் தீக்குச்சிகளையும் மட்டும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டேன். நடுவில் ஒருநாள் பெரியப்பா வீட்டுக்குப் போய்ச் சிரித்துப் பேசித் தேநீர்கூடக் குடித்துவிட்டு வந்தேன்.

போன ஞாயிறு காலை கேரவன்காரர்கள் சங்கத்தின் கூட்டம். உன் பெரியப்பாதானே செயலாளர், பழைய வண்டி வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசினார், கேட்டுக்கொள். பேசி முடித்துச் சந்தேகம் உண்டா என்றதும் நான் கையைத் தூக்கினேன். "பின்னாடி ஏணியோட ஸ்க்ரூ பிடிக்காம சுத்துச்சுன்னா, ஓட்டையில தீக்குச்சியத் திணிச்சு முடுக்கி வித்துடலாமாங்க?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் முகம் ஒரு நொடி இறுகியது. ஆனால் நாற்பது பேர் பதிலுக்குக் காத்திருக்கும்போது அவர் வேறென்ன சொல்ல முடியும், "அப்படிச் செய்யறவன சங்கத்துலயே சேர்க்கக் கூடாதும்மா, அது ஏமாத்து இல்ல, கொலை" என்றார். நான் எழுந்துபோய் மேசையில் கூட்டைத் திறந்து வைத்தேன். அப்பா கால் நீட்டி உட்கார்ந்திருந்த பக்கம் எல்லோரும் திரும்பினார்கள். பெரியப்பா, "மெக்கானிக்" என்று ஆரம்பித்தார். அதற்குள் முன் வரிசையில் இருந்த உன் பெரியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அலமாரிக் கதவு ஆடுதுன்னு சொல்லி என்னைத்தானே இந்தக் குச்சிய ஒடிச்சுத் தரச் சொன்னீங்க?" என்று கேட்டாள். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. அவர் காகிதங்களை அடுக்கினார், மறுபடி அடுக்கினார், பிறகு யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். செயலாளர் பதவியும் அதோடு போயிற்று.

வீடு திரும்பும்போது அப்பா, "அண்ணன நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சிட்டியே" என்றார். "அவர் உங்கள ஏழு நாள் ஆஸ்பத்திரியில படுக்க வெச்சாரே" என்றேன்.

இன்று மாலை கச்சிதம் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், இவரும் அழுதார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்படி வாசலில் வந்து நின்று, "நீ செஞ்சது எல்லாத்தையும் வாங்கிக்கறேம்மா. பாப்பாவுக்கு மட்டும் எழுதிடாத. அவ ஒருத்திதான் இன்னும் என்னைப் பெரிய ஆளா நெனைக்கறா" என்றார். உண்மைதான், நீ அவர் தோளிலேயே வளர்ந்தவள், ஊருக்குப் புறப்பட்ட அன்றுகூட என்னை விட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டு அழுதாய். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை, தேநீருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன். அவர் தெருமுனை திரும்பியதும் இந்தத் தாளை எடுத்தேன். அப்பா கட்டிலில் இருந்தபடி வேண்டாம், வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். அவர் நல்லவர். அவருக்கும் சேர்த்து நான் கெட்டவளாக இருந்துவிட்டுப் போகிறேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். ஈரத் தலையோடு வெளியே போகாதே. இந்தக் கடிதம் கிடைத்ததை எனக்குச் சொல்லவேண்டும் என்றில்லை. பெரியப்பாவைப் போனில் கூப்பிட்டு, அம்மாவின் கடிதம் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

எப்போதும் உன் பக்கம் நிற்கும்,
அம்மா