நோட்டில் எழுதாத வார்த்தை

அன்பு மகள் ஆன்சிக்கு அப்பா எழுதுவது. மாதா துணையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீ எப்படி இருக்கிறாய் என்றுதான் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டாய், பிறகு மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். மீனவர்களைப் பிடித்து வைத்திருக்கும் நாட்டு மந்திரி உன் பேரைச் சொல்லித் திட்டியதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள், உன் அம்மா சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பதினெட்டு வருடம் காலேஜில் கடல் சட்டம் சொல்லிக்கொடுத்து, இரண்டு புத்தகம் எழுதி, அதன் பிறகுதானே இத்தனை நாடுகள் ஓட்டுப் போட்டு உன்னை அந்தச் சர்வதேச நீதிமன்றத்தில் உட்காரவைத்தன. அடுத்த மாதம் உன் பதவிக்கு மறுபடியும் ஓட்டெடுப்பு. இந்த நேரம் பார்த்து, எல்லை தாண்டினார்கள் என்று முப்பது மீனவர்களை அந்த நாடு பிடித்து வைத்தது சரிதான் என்று பதினான்கு நீதிபதிகள் சொல்ல, நீ ஒருத்தி மட்டும் தப்பு என்று நாற்பது பக்கம் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாய். தீர்ப்பும் மாறவில்லை, அந்த ஆட்களும் வெளியே வரவில்லை. பிறகு எதற்குத் தனியாகப் போய் நிற்கிறாய் என்று பயத்தில் கேட்டுவிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் படகுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவனுக்குத் தெரிந்த முறை தனியாக நிற்காமல் ஒத்துப்போவதுதான். உள்ளே எவ்வளவு சண்டை போட்டாலும் சங்கத்தின் தீர்மான நோட்டில் ‘ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்றுதான் எழுதுவேன். முந்தாநாள் லீமாரோஸ், பேப்பரில் வந்த உன் போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் ஜோஸ்வாவை உனக்கு ஞாபகம் இருக்கும், அடுத்தவர் வலையை அறுத்தான் என்று பதினொரு வருடத்துக்கு முன் சங்கம் அவனைத் தொழிலுக்குப் போகவிடாமல் ஒரு வருடம் நிறுத்தியது. அப்போது கொல்லத்துக்குக் கூலிக்குப் போனவன் ஊருக்குத் திரும்பவே இல்லை. இங்கன ஒம்பது பேரு கூடிப் பேசுனீகளே, ஒருத்தராச்சும் எங்க வீட்டாளு அறுக்கலன்னு சொன்னீகளாண்ணே என்று கேட்டாள். நான் சொன்னேன், அதற்காகச் சண்டையும் போட்டேன் என்றேன். இந்த ஊரே ஒட்டுக்கா நம்பலன்னு நெனச்சுத்தாண்ணே அவுக இன்னும் வராம இருக்காக, அத நோட்டுல ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா என்று அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது மகளே. அந்தத் தீர்மானத்துக்கு நான் சம்மதிக்கவில்லை என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதைப் போனில் படம் எடுத்து அவனுக்கு அனுப்பினாள். சங்கத்துக்கும் விஷயம் போய்விட்டது, இப்போதைய தலைவர் மாரீஸ்வரன் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

நான் அன்று கேட்டதை மனதில் வைத்துக்கொள்ளாதே. அந்த முப்பது பேர் வீட்டிலும் நீ எழுதியதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டிருப்பார்கள். ஆனாலும் பயம் போகமாட்டேன் என்கிறது, ஓட்டில் தோற்றுப்போவாயோ, வழியில் யாராவது மறித்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்றே நினைப்பு ஓடுகிறது. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு, தெரியாத ஆளுக்குக் கதவைத் திறக்காதே. அம்மா உனக்காக ஓரியூர் கோயிலுக்கு நேர்ந்திருக்கிறாள், நீ வந்தால்தான் போவோம் என்கிறாள்.

இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கும்போதே கொல்லத்திலிருந்து ஜோஸ்வா பேசினான். தாளைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நம்ம கோயில் திருவிழாக் கொடியேத்தம் என்னைக்குண்ணே என்று மட்டும் கேட்டான்.

ஆண்டவர் உன்னையும் அந்த முப்பது குடும்பங்களையும் கைவிடாமல் காக்கட்டும். அம்மாவிடம் ஒரு தடவையாவது பேசிவிடு.

உன் அப்பா,
யாக்கோபு